எப்படி ஒடிந்தது என்று எழுதுங்கள்

"எப்படியும் நடக்கப்போவதில்லையே" என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. வார்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அதை நீங்கள் கேட்டுவிடுவீர்கள். முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்ச்சியும் போன ஒருவரைப் பற்றி, அவர் காதில் விழும்படியே, நன்றாகப் படித்த யாராவது சொல்வார். எக்ஸ்ரே எதற்கு, எப்படியும் நடக்கப்போவதில்லையே. எலும்புக்கு மாத்திரை எதற்கு, எப்படியும் நடக்கப்போவதில்லையே. முப்பத்திரண்டு வருஷம் பிசியோதெரபிஸ்டாக இருந்தவள் சொல்கிறேன், அதைக் கேட்டால் எனக்கு இன்னும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். ஓய்வு பெற்றுத் திருவனந்தபுரம் வலியசாலையில் வீட்டோடு இருக்கிறேன். காய் நறுக்கும்போது அது நினைவுக்கு வந்தால், "கையை நறுக்கிண்டுடாதேடி" என்று என் கணவர் கத்தியை வாங்கி வைத்துவிடுகிறார்.

புதிதாகச் சேர்ந்த உங்களுக்கு என் அனுபவத்தில் நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். நான் எழுந்து நடக்க வைத்தவர்களைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அந்தக் கதைகளைச் சொல்ல ஊரில் ஆள் நிறைய உண்டு. நான் ஒரு எலும்பை ஒடித்ததைப் பற்றி எழுதுகிறேன். ஒடித்தது என் கை. அதன் பிறகு நடந்தது அதைவிட மோசம்.

பாடத்தை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், கொட்டாவி விடாதீர்கள். எலும்பு பாரம் தாங்கத் தாங்கத்தான் கெட்டியாக இருக்கும். கால் செயலற்றுப் போனால் பாரம் இல்லை, தசையின் இழுப்பும் இல்லை. முதல் ஒன்றிரண்டு வருஷத்திலேயே எலும்பு மளமளவென்று கரைந்து போகும். முழங்காலை ஒட்டி மேலேயும் கீழேயும்தான் மிக மோசம். படுக்கையில் புரட்டும்போது ஒடியும், கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறும்போது ஒடியும், பாண்ட் மாட்டிவிடும்போது கூட ஒடியும். வலிக்காது. வீக்கமும் சூடும் மட்டும்தான் சொல்லும், ஏதோ ஆகிவிட்டது என்று. இதையெல்லாம் நானும் பரீட்சையில் எழுதி நல்ல மார்க் வாங்கியவள்தான்.

பேச்சியம்மாள் தென்காசிப் பக்கத்துக்காரி. கணவனோடு திருவனந்தபுரத்துக்குக் கட்டட வேலைக்கு வந்து, சித்தாளாக இரண்டாவது மாடிக்குச் சிமெண்டுச் சட்டி தூக்கிக்கொண்டிருந்தபோது சாரப்பலகை நழுவி விழுந்தவள். எங்கள் வார்டில் ஐந்து மாதம் இருந்தாள். கணவன் இரண்டு முறை வந்து பார்த்தான், மூன்றாவது முறை வரவில்லை. மகள் கனிக்கு அப்போது எட்டு வயது. எல்லாரும் பேச்சியம்மாள் ஊருக்குத்தான் திரும்புவாள் என்று நினைத்தோம். அவள் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் படியில்லாத ஒரு கீழறை பார்த்து வாடகைக்கு எடுத்தாள். கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் தினமும் காலையில் கிழக்கேகோட்டைக்குப் போய், தோவாளையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும் பூவைக் கட்டிக் கொடுத்தாள். விரல் அப்படி ஓடும். கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து வண்டி, எல்லாம் தானே மாறிக்கொள்வாள். ஒரு ஆளைக் கூப்பிட மாட்டாள்.

நாலு வருஷம் இப்படி ஓடியது. அந்த நாலு வருஷத்தில் அவளுடைய கால் எலும்பை ஒருவரும் சோதித்துப் பார்க்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருவாள், நான் மூட்டுகளை மடக்கி நீட்டிவிடுவேன், சிறுநீரைப் பரிசோதிப்போம், முதுகில் புண் இருக்கிறதா என்று பார்ப்போம், அனுப்பிவிடுவோம். எலும்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

இனி எங்கள் துறையில் இருந்த ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வருஷமும் ஆண்டுவிழா நடக்கும். குத்துவிளக்கு ஏற்றியதும் பழைய நோயாளிகள் ஆறு பேரைக் காலிப்பர் மாட்டி மேடையில் வரிசையாக நிறுத்துவோம். காலிப்பர் என்றால் தெரியுமல்லவா, இரும்புக் கம்பியும் தோல்பட்டையும் வைத்துச் செய்தது, முழங்காலில் ஒரு பூட்டு இருக்கும், அது விழுந்தால் கால் மடங்காமல் நேராக நிற்கும். சிறப்பு விருந்தினர் கைதட்டுவார், கண்ணைத் துடைப்பார், படம் எடுப்பார்கள். எங்களுக்குள் அதற்கு 'நிறுத்தல்' என்றே பெயர். இந்த வருஷம் நிறுத்தலுக்கு யார் யார் என்று டீ குடிக்கும்போது பேசுவோம். படிப்படியாகப் பழக்கி, தினமும் நிற்க வைத்தால் சிலருக்கு நன்மை உண்டு, அதை நான் மறுக்கவில்லை. வருஷத்துக்கு ஒரு நாள் நிற்பது யாருக்கு நன்மை? படத்தில் நம் துறைக்கு நன்மை.

அந்த வருஷம் பேச்சியம்மாளைத் தேர்ந்தெடுத்தது நான். கையில் நல்ல பலம், களையான முகம், பூ கட்டிப் பிழைக்கிறாள், மேடைக்கு இதைவிட என்ன வேண்டும்? அவளிடம் போய்ச் சொன்னேன்.

"எனக்கு நிக்கதுக்கு ஒண்ணும் வேண்டாம்க்கா," என்றாள். "உக்காரத்துக்கு நல்லதா ஒரு குஷன் வாங்கித் தாங்க. இது அமுங்கிப் பலகையாப் போச்சு. நாள் முழுக்க இதுலதான கெடக்கேன்."

"அதெல்லாம் அப்புறம் பாக்கலாம். இப்ப நில்லு, கேட்டோ," என்றேன். சிரித்துக்கொண்டு வேறு சொன்னேன். தனக்கு என்ன தேவை என்று அவளுக்குத் தெரிந்த அளவுக்கு எனக்குத் தெரியவில்லை. அவள் சொன்னதைக் கேட்கும் பொறுமையும் இல்லை.

பத்து நாள் பழக்கினோம். நாலு வருஷம் உட்கார்ந்தே இருந்தவளுக்குப் பத்து நாள்! எக்ஸ்ரே இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை, எலும்பு அடர்த்திச் சோதனை இல்லை. நாலு தடவை நின்றாள், ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததையே நாங்கள் சான்றிதழாக எடுத்துக்கொண்டோம்.

விழா அன்று மேடைக்குப் பின்னால் நான் தரையில் உட்கார்ந்து அவளுக்குக் காலிப்பர் மாட்டிக்கொண்டிருந்தேன். வரவேற்புரை முடிகிற நேரம். இடது கால் சரியாக நீளவில்லை. காலையிலிருந்து நாற்காலியிலேயே காத்திருந்ததால் முழங்கால் இறுகியிருந்தது. பொறுமையாக ஐந்து நிமிஷம் நீவிவிட்டிருந்தால் நீண்டிருக்கும். ஐந்து நிமிஷம் இல்லை. வாசலில் நின்ற ஒருவர், "ஆயோ? ஆயோ?" என்று, ஆயிற்றா ஆயிற்றா என்று, கேட்டுக்கொண்டே இருந்தார். நான் குதிகாலை ஒரு கையில் தாங்கி, முழங்காலுக்கு மேலே மறு கையை வைத்து அழுத்தினேன்.

ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த முருங்கைச் சுள்ளி ஒடிகிற மாதிரி, சின்னதாக. என் உள்ளங்கைக்குக் கீழே ஏதோ இளகியது.

நான் நிமிர்ந்து பார்த்தேன். பேச்சியம்மாள் என்னைப் பார்த்தாள். முகத்தில் வலி இல்லை, எப்படி இருக்கும்? 'பட்டை இறுகின சத்தம்' என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். கால் இப்போது சுலபமாக நீண்டது. பூட்டு விழுந்தது. இரண்டு பேர் பிடித்து மேடைக்குக் கொண்டுபோனோம். நின்றாள். ஹால் முழுக்கக் கைதட்டல். அவள் கொஞ்சம் சிரித்தாள். அந்தப் படம் மத்தியானத்துக்குள் எல்லா வாட்ஸப் குழுவிலும் சுற்றியது. எனக்கும் வந்தது, நானும் ஒரு கும்பிடு போட்டேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். தவறு அழுத்தியதில் மட்டும் இல்லை. கையால் உணர்ந்ததை நம்பாமல், மைக்கில் கேட்ட குரலை நம்பினேன். நம் வேலையில் கண்ணைவிடக் கைதான் முதலில் கண்டுபிடிக்கும். கை சொன்னால் கேளுங்கள். ஜனாதிபதியே வெளியே காத்திருந்தாலும் இருக்கட்டும்.

மூன்றாம் நாள் அவளுக்குத் தொடை வீங்கியது. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுக் கனி அவளை அவசரப் பிரிவுக்குக் கூட்டிவந்தாள். நான் அப்போது மாடியில் இருந்தேன், எனக்குத் தெரியாது. பின்னால் கனி சொல்லித்தான் தெரிந்தது. பணியில் இருந்த இளம் டாக்டர், "வேதன உண்டோ?" என்று கேட்டாராம். வலி இல்லை என்றாள். "எவிடெயெங்கிலும் வீணோ?" எங்கேயும் விழவில்லை என்றாள். அப்படியானால் கிருமித்தொற்று என்று மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். இடுப்புக்குக் கீழே தீயை வைத்தாலும் தெரியாத ஒரு பெண்ணிடம் வலிக்கிறதா என்று கேட்கிறார். இல்லை என்று அவள் சொன்னதும் திருப்தி அடைகிறார். அந்தப் பையனைத் திட்டுவதற்கு முன்னால் நான் என்னைத்தான் திட்டிக்கொள்ள வேண்டும். ஆனாலும் திட்டினேன்.

ஐந்தாம் நாள் அவளே வண்டியை ஓட்டிக்கொண்டு என் அறைக்கு வந்துவிட்டாள். இடது தொடை வலது தொடையைப் போல ஒன்றரை மடங்கு இருந்தது. தொட்டால் சுட்டது. நான் கையை வைத்தேன். உள்ளே மணல் நறநறத்தது போல இருந்தது.

எக்ஸ்ரே எடுத்தோம். முழங்காலுக்கு மேலே தொடை எலும்பு ஒடிந்து நகர்ந்திருந்தது. எலும்பு என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை, படத்தில் பென்சிலால் லேசாக வரைந்த கோடு மாதிரி ஓரம் மட்டும் தெரிந்தது. எக்ஸ்ரே எடுப்பவர் படத்தைத் தூக்கிப் பிடித்து, "சேச்சி, இதில் எல்லு எவிடெ?" என்று கேட்டார். எலும்பு எங்கே என்று கேட்கிறார். கேலியில்லை, உண்மையாகவே தேடினார்.

நான் பேச்சியம்மாளிடம் போய், அன்று மேடைக்குப் பின்னால்தான் ஒடிந்தது, நான்தான் ஒடித்தேன் என்று சொன்னேன்.

"தெரியும்," என்றாள். "எனக்கும் சத்தம் கேட்டுச்சு."

"பின்ன ஏன் சொல்லல?"

"நீங்க ஒண்ணுஞ் சொல்லலியே. நீங்க படிச்சவுக. ஒண்ணுமில்ல போலன்னு நெனச்சேன்."



அவளை வார்டில் சேர்த்தோம், எலும்பு டாக்டர் வந்தார். படத்தை ஜன்னல் பக்கம் ஒரு நொடி காட்டிப் பார்த்தார். "நடக்கான் போணில்லல்லோ," என்றார். நடக்கப்போவதில்லையே என்ற அதே பாட்டு. இடுப்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு போட்டு நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று ஜூனியரிடம் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். உணர்ச்சி இல்லாத காலில் இறுக்கமான மாவுக்கட்டு போட்டால் என்ன ஆகும் தெரியுமா? உள்ளே எங்கே அழுத்துகிறது என்று அவளுக்குத் தெரியாது. தோல் கறுக்கும், வெடிக்கும், புழு வைத்தாலும் தெரியாது. ஒருவருக்கு ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது குதிகால் எலும்பு வெளியே தெரிந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவருக்குக் காலையே எடுக்கும்படி ஆயிற்று. நான் பின்னாலேயே ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே நடந்தார், அதாவது கேட்கவில்லை.

திரும்பி வந்து கேஸ் ஷீட்டைப் பார்த்தேன். விவரம் என்ற இடத்தில் 'வீட்டில் விழுந்தது' என்று எழுதியிருந்தது.

ஜூனியரைக் கேட்டால், எங்கள் துறைத் தலைவர் போனில் அப்படி எழுதச் சொன்னாராம். நேரே அவர் அறைக்குப் போனேன். நல்ல மனிதர்தான், பிறந்தநாளுக்குக் கேக் வாங்கித் தருவார். "அது நல்லதல்லே?" என்றார். "அவளுக்கும் பிரச்னை இல்ல, நமக்கும் பிரச்னை இல்ல. விழா நடந்து ஒரு வாரம் ஆகல்ல. நிங்ஙளோட பேரும் அதில் வரும். வேணோ?"

வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்தேன். அன்று முழுக்க ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன், சீரியல் பார்த்தேன். கணவரிடம் மட்டும் சொன்னேன். "நீயே ஏன் போய் மாட்டிக்கறே? அவளே ஒண்ணும் கேக்கலையே," என்றார். அவள் கேட்கவில்லை என்பதுதான் என்னைத் தின்றது. ஆனாலும் ஒரு நாள் முழுக்க நான் கோழையாக இருந்தேன் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பின்னால் என்னைப் பற்றி யாராவது பெருமையாகச் சொன்னால் அந்த ஒரு நாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை தென்காசியிலிருந்து பேச்சியம்மாளின் அண்ணன் வந்து இறங்கினார். தங்கைமேல் பாசம் இல்லாதவர் என்று சொல்ல முடியாது. பயந்துபோயிருந்தார், பயம் கோபமாக வந்தது. டாக்டர் அவரிடம் கேஸ் ஷீட்டைப் பார்த்து, வீட்டில் விழுந்து ஒடிந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான்.

"நான் அன்னைக்கே சொன்னேன்லா, ஒண்டியாக் கெடக்க முடியாதுன்னு! இப்ப விழுந்து ஒடிச்சிட்டு நிக்க. நாளைக்கு அடுப்புல விழுவ. அப்ப யாரு பாக்கது?" வார்டே திரும்பிப் பார்த்தது. "புள்ளய நான் ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன். பள்ளிக்கூடத்துல டீசி வாங்கியாச்சுன்னா அங்கனயே சேத்துரலாம். ஒன்னய ஏதாவது ஹோமுல பாத்துச் சேத்துவிட்டுருதேன்."

"நான் விழல," என்றாள் பேச்சியம்மாள்.

கனி மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை, அழுகை வந்தால் மலையாளம்தான் வரும். "அம்ம வீணில்ல மாமா. ஞான் அவிடெ உண்டாயிருந்நல்லோ." அம்மா விழவில்லை, நான் கூடவே இருந்தேனே என்கிறாள்.

"சும்மாருட்டி. டாக்டரு எழுதினது பொய்யா?"

பேச்சியம்மாள் என்னைப் பார்த்தாள். நான் நாலு கட்டிலுக்கு அப்பால் நின்றுகொண்டிருந்தேன். அவள் என் பெயரைச் சொல்லவில்லை. விரலை நீட்டியிருந்தால் போதும், நீட்டவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். அவளுடைய அறை, அவளுடைய வண்டி, பூ, மகள், நாலு வருஷமாக ஒவ்வொன்றாகச் சேர்த்தது எல்லாம் அந்த இரண்டு வார்த்தையில் போகப்போகிறது. எங்கள் படம் கெட்டுப்போகக் கூடாது என்பதற்காக எழுதிய இரண்டு வார்த்தை.

நான் துறைத் தலைவர் அறையை நோக்கி நடந்தேன், சண்டை போட. வார்டுப் பொறுப்பு சிஸ்டர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். அதிகம் பேசாதவர். அவர் பெயரை எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார், எழுதவில்லை. "நீ அங்கே போய்க் கத்தினா காத்தில போகும்," என்றார். "இதில எழுது. எழுதினா அவங்க வாயிக்காம பற்றில்ல." படிக்காமல் இருக்க முடியாது என்றார். கேஸ் ஷீட்டை மேஜையில் விரித்து, பேனாவையும் வைத்தார்.

எழுதினேன். ஆண்டுவிழா மேடைக்குப் பின்னால் காலிப்பர் மாட்டும்போது, இறுகியிருந்த இடது முழங்காலை நான் கையால் அழுத்தி நீட்டினேன், அப்போது சத்தம் கேட்டது, எலும்பு ஒடிந்தது அப்போதுதான், நோயாளி வீட்டில் விழவில்லை. நான்கு வருஷமாக எலும்பின் பலம் சோதிக்கப்படவில்லை. உணர்ச்சியற்ற காலில் முழு மாவுக்கட்டு தோலைக் கெடுக்கும், தினமும் திறந்து பார்க்கக்கூடிய கட்டுதான் வேண்டும். பெயர், தேதி, நேரம், கையெழுத்து. 'வீட்டில் விழுந்தது' என்பதை நான் அடிக்கவில்லை. அது அங்கேயே இருக்கட்டும், யார் எழுதியது என்று பிற்பாடு வருகிறவர்களும் பார்க்கட்டும் என்று விட்டேன்.

அப்புறம் அண்ணனிடம் போனேன். "உங்க தங்கச்சி விழல. நான்தான் ஒடிச்சேன்," என்றேன்.

அவர் கத்திய கத்தலை இங்கே எழுதினால் அச்சில் வராது. கையை ஓங்கிவிட்டார். நான் நகரவில்லை, நகரும் உரிமை எனக்கு இல்லை என்று தோன்றியது. அப்போது கட்டிலிலிருந்து பேச்சியம்மாள் குரல் வந்தது. சத்தமாகக்கூட இல்லை.

"அவுகள விடு. கேட்டுக்கிட்டியா? ஆசுபத்திரில வச்சு ஒடிஞ்சிருக்கு. நாலு டாக்டரு இருக்க எடத்துல. எங்க வீட்டுல நாலு வருசமா ஒரு நகம் ஒடியல. அப்ப எங்கன இருந்தா நல்லது, நீயே சொல்லு. புள்ள எங்கூடத்தான் இருக்கும்."

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். மூன்று நாள் இருந்து, கனிக்குச் சோறு பொங்கிப் போட்டு, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டு, தனியாகத்தான் தென்காசி பஸ் ஏறினார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்று வரை பொறுக்கவில்லை. நான் எழுதியதை எலும்பு டாக்டர் படித்தார். வீட்டில் விழுந்த காலாக இருந்தவரைக்கும் ஒரு மாவுக்கட்டு போதும் என்றவர், ஆஸ்பத்திரியில் ஒடிந்த கால் என்று தெரிந்ததும் மத்தியானத்துக்குள் மூன்று டாக்டர்களோடு வந்து நின்றார். அதே கால்! அதே எலும்பு! அதே எப்படியும் நடக்கப்போகாத பெண்! பஞ்சு வைத்து, இரண்டு பக்கமும் திறக்கிற கட்டு வந்தது. சிஸ்டர் காலையும் மாலையும் திறந்து தோலைப் பார்த்தார், கனிக்கும் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். நாற்காலிக்கு நல்ல குஷனும் வந்தது, இந்த முறை யாரும் கேட்காமலே. ரத்தத்தில் விட்டமின் டி பார்த்தார்கள், அடிமட்டத்தில் இருந்தது. விடிகாலையிலிருந்து பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து பூ கட்டுகிறவளுக்கு வெயில் எங்கே? நாலு வருஷத்தில் ஒரு நாள் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

எலும்பு அடர்த்தி எடுக்கப் போனோம். அங்கே மேஜை உயரமாக இருந்தது. ஏறிப் படுக்க முடியாதவர்களுக்கு எடுப்பதில்லை என்றார்கள். எலும்பு போனவர்களுக்கு எடுக்கிற மெஷின், ஏற முடிந்தவர்களுக்கு மட்டுமாம். சண்டை போட்டு, போர்வையோடு நாலு பேர் தூக்கிப் படுக்க வைத்தோம். ரிசல்ட் வந்தது, முதுகெலும்பு நன்றாக இருக்கிறது, அதனால் பரவாயில்லை என்று ஒருவர் சொன்னார். முதுகெலும்புதான் நாள் முழுக்க நிமிர்ந்து பாரம் தாங்குகிறதே, அது நன்றாகத்தான் இருக்கும். ஒடிந்தது முழங்காலுக்குப் பக்கத்தில். இடுப்பு எலும்பின் எண்ணைக் காட்டிய பிறகுதான் அவர் வாயை மூடினார். எங்கே கரைகிறதோ அங்கே பாருங்கள். இதைச் சொல்லாமல் நான் இந்தக் கட்டுரையை முடிக்க மாட்டேன்.

எனக்கு மெமோ வந்தது. விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். எட்டு மாதம் தோள்வலி, கழுத்துவலி பார்க்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். துறைத் தலைவர் வராந்தாவில் என்னைப் பார்த்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். அடுத்த வருஷம் விழாவில் நிறுத்தல் இல்லை. மனம் மாறி நிறுத்தவில்லை, பயந்து நிறுத்தினார்கள். பயமாக இருந்தாலும் போதும் என்று விட்டேன். அதற்குப் பிறகு முதுகுத்தண்டு அடிபட்டு வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் மாதத்திலேயே எலும்பைப் பற்றிச் சொல்லும் ஒரு தாளை நானும் சிஸ்டரும் தயார் செய்தோம், தமிழிலும் மலையாளத்திலும். திடீரென்று ஒரு கால் வீங்கினால், சூடானால், வலிக்கவில்லை என்றாலும் எக்ஸ்ரே கேளுங்கள் என்பது அதில் முதல் வரி. உங்கள் வார்டில் அந்தத் தாள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள்.

எலும்பு கூட நாலரை மாதம் ஆயிற்று. கொஞ்சம் கோணலாகத்தான் கூடியது. தோலில் ஒரு கீறல்கூட இல்லை. பேச்சியம்மாள் கிழக்கேகோட்டைக்குத் திரும்பப் போனாள். வாரம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்க வேண்டியது, ஒரு வாரமும் தவறவிட்டதில்லை. கனி இப்போது கல்லூரியில் படிக்கிறாள்.

அவள் என்னை மன்னித்தாளா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்காதீர்கள், நானும் அவளிடம் கேட்கவில்லை. என்னைப் பழைய பிரிவுக்கு மாற்றியதும் முதல் நாளே வந்தாள். மேஜையில் தானே மாறி உட்கார்ந்து, காலைத் தானே தூக்கி வைத்தாள். நான் வழக்கம்போல முழங்காலில் கை வைக்கப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கு?" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

எதற்கு என்று சொன்னேன். எங்கே கை வைப்பேன், எவ்வளவு தூரம் மடக்குவேன், எந்த இடத்தில் நிறுத்துவேன், எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டுப் பிடியை விட்டாள். நான் ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு முறையும் அதேதான். மணிக்கட்டைப் பிடிப்பாள், எதுக்கு என்பாள், நான் சொல்வேன். சில நாள் நான் சொல்வது அவளுக்குச் சரியாகப் படாது. அன்றைக்குப் பிடியை விடமாட்டாள். நானும் கையை எடுத்துக்கொள்வேன், அந்தக் கால் தொடப்படாமலே வீட்டுக்குப் போகும்.